பதினொன்றாம் தேதிக் கையெழுத்து

மார்ச் 4

வாலுக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டாவது நிமிடத்தில் நம்மில் ஒருத்தி கத்த ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்து முடித்துவிட்டுக் கிழி.

மாமாவுக்கு நேற்று மறுபடியும் நடுக்கம் வந்தது. டயாலிசிஸ் தொடங்கி நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, பல் கிட்டித்துக்கொண்டது. மூன்று கம்பளி போர்த்தியும் நாற்காலியே ஆடியது. காய்ச்சல் நூற்று மூன்று. உன் அப்பாவைத் தெரியாதா? வீட்டில் என்னை 'அம்மாடி' என்பவர் ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டால் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அந்த நடுக்கத்திலும், "என்ன சிஸ்டர், எஞ்சின் கொதிக்குது, பஸ்ஸு மட்டும் குளிருது?" என்றார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் அல்லவா. நான் சிரித்துவிட்டு, ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அவருக்கு மட்டுமென்றால் வயசு என்று விட்டிருப்பேன். இரண்டு வாரத்தில் நான்கு பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. மூன்றாம் நாற்காலியில் உட்காரும் ஆசிரியைக்கும்தான். ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள், எதிலும் கிருமி இல்லை. கிருமி இல்லாமலே கிருமி வந்த மாதிரிக் காய்ச்சல். டாக்டர், "தண்ணியப் பாருங்க" என்கிறார். நான் ஃபில்டரைப் பார்த்தேன். நான்கு பேருக்கும் போட்டது ஒரே பெட்டியில் வந்த ஃபில்டர். உங்கள் கம்பெனியில் செய்தது, அதன் தொகுதி எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பெட்டியோடு வந்த சான்றிதழில் 'நச்சுப் பரிசோதனை: தேர்ச்சி' என்று இருக்கிறது. அதன் கீழே இருப்பது உன் கையெழுத்து.

நான் குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன். அந்தப் பெட்டியை நீ நிஜமாகவே சோதித்துப் பார்த்தாயா?

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

முதலில், என்னை 'வாலு' என்று எழுத வேண்டாம். எனக்கு முப்பத்தொரு வயசாகிறது.

குற்றம் சொல்லவில்லை என்று எழுதிவிட்டுக் கடைசி வரியில் அதைத்தானே செய்திருக்கிறீர்கள்? சரி, பதில் சொல்கிறேன். சோதித்தேன். எப்படி என்று தெரிந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சில ஃபில்டரை எடுத்து, சுத்தமான தண்ணீரை உள்ளே நிரப்பி ஊறவைப்போம். அந்தத் தண்ணீரில் சில துளியை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, கடல் நண்டு ஒன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்தோடு கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் அசையாமல் வைப்போம். பிறகு குழாயைத் தலைகீழாகக் கவிழ்ப்போம். தண்ணீராக வழிந்தால் சுத்தம். தயிர் போல உறைந்து அடியிலேயே நின்றால் நச்சு இருக்கிறது. இதில் ஏமாற்ற என்ன இருக்கிறது?

நீங்கள் ஏன் டாக்டர் சொன்னதைக் கேட்கக் கூடாது? ஒரு ஆளுக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. அந்த டாங்கை யார் கழுவுகிறார்கள்? கிருமி செத்தாலும் அதன் உடம்பிலிருக்கும் நச்சு சாகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. அது உங்களுக்கும் தெரியும். பழைய ஃபில்டரையே கழுவிக் கழுவிப் போடுகிறீர்களோ என்னவோ, அது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் இப்போது டபுள் ஷிப்ட் பார்ப்பதாக அண்ணன் சொன்னான். அப்படியானால் அப்பாவைக் கவனிப்பது யார்? என்னோடு அனுப்புங்கள் என்று ஜனவரியில் வந்து கேட்டேனே, அப்போது நீங்கள் பேசிய பேச்சுக்கு இப்போது என்ன அர்த்தம்?

நாத்தனார்


மார்ச் 15

வாலுக்கு (உனக்கு ஐம்பது ஆனாலும் இப்படித்தான் எழுதுவேன்),

தண்ணீரை வெளி லேப்புக்கு அனுப்பினோம். சுத்தம் என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டின் நகல் இதோடு இருக்கிறது. மாமாவுக்குப் பழைய ஃபில்டர் எதுவும் போடவில்லை, எல்லாம் சீல் பிரித்தது என் கையால்.

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் நானும் ஒரு சோதனை செய்தேன். ஸ்டோரில் வேறு கம்பெனி ஃபில்டர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாமாவுக்கு அதைப் போட்டேன். அதே நாற்காலி, அதே மெஷின், அதே தண்ணீர். நான்கு தடவை ஆகிவிட்டது, நடுக்கம் இல்லை. கடைசியாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். ஆனால் மூன்றாம் நாற்காலி ஆசிரியைக்குப் பன்னிரண்டாம் தேதி உங்கள் ஃபில்டரில்தான் ஓடியது. அரை மணி நேரத்தில் நடுக்கம் வந்து, ரத்த அழுத்தம் தரைக்குப் போய்விட்டது. இன்னும் தீவிர சிகிச்சையில்தான் இருக்கிறார்.

இனி நான் எழுதப்போவதை எழுதாமல் இருக்க மூன்று நாள் முயன்றேன்.

சான்றிதழை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'சோதித்த நாள்: ஜனவரி 11' என்று இருக்கிறது. ஜனவரி பதினொன்று அன்று நீ எங்கள் வீட்டு ஹாலில் நின்றுகொண்டிருந்தாய். அன்றுதான் நமக்குச் சண்டை. "அப்பாவப் பாக்க இத்தனை வருஷமா நேரமில்ல, இப்ப மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று நான் கேட்டதும், நீ சாப்பிடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் அன்றுதான். என் நினைவு தப்பியிருக்கலாம் என்று உன் அண்ணனின் போனில் உன் ரயில் டிக்கெட்டைத் தேடிப் பார்த்தேன். பத்தாம் தேதி காலை வந்து, பதினொன்று மாலை திரும்பியிருக்கிறாய்.

எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு எந்தக் குழாயைக் கவிழ்த்துப் பார்த்தாய்?

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

நான் சோதிக்கவில்லை. பன்னிரண்டாம் தேதி வேலைக்குத் திரும்பியபோது நோட்டில் எல்லாம் எழுதித் தயாராக இருந்தது, கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. எங்கள் மேலதிகாரி, தானே அந்தச் சோதனையைச் செய்ததாகச் சொன்னார். அவருக்கு லேப்பில் 'ஓகே சார்' என்று பெயர். எதைக் காட்டினாலும் 'ஓகே' என்பார், அதனால். "நான் பாத்துட்டேன்மா. நீ லீவுல இருந்தது ஆபீஸுக்குத் தெரிஞ்சா ஏன் ஆள் போடலைனு என்னைக் கேப்பாங்க. ஒரு கையெழுத்துதானே?" என்றார். உங்களோடு போட்ட சண்டை அப்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டேன். உங்களுக்கு 'சோதித்தேன்' என்று எழுதியது பொய்.

அவர் இருபது வருஷமாக இதே வேலை செய்கிறவர். தவறு செய்திருக்க மாட்டார் என்று இப்போதும் ஒரு பக்கம் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு ஃபில்டரைப் பிற்பாடு பார்ப்பதற்கென்று அலமாரியில் பத்திரமாக வைத்திருப்போம். நேற்று போய்ப் பார்த்தேன். அந்த எண் ஒட்டிய தட்டு காலியாக இருக்கிறது. அதற்கு முந்தைய தொகுதியும் பிந்தைய தொகுதியும் இருக்கின்றன.

உங்களிடம் திறக்காத ஃபில்டர் மிச்சம் இருந்தால் இரண்டு அனுப்புங்கள். நானே செய்து பார்க்கிறேன்.

ஒன்று கேட்டால் கோபப்படாதீர்கள். அந்தச் சான்றிதழை இதுவரை யாரிடமாவது காட்டினீர்களா? காட்டுவதாக இருக்கிறீர்களா? என் வேலையைப் பறிக்க உங்களுக்கு அந்த ஒரு தாள் போதும். ஜனவரியிலிருந்தே நீங்கள் அதற்காகக் காத்திருந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அப்பாவுக்கு வேறு கம்பெனி ஃபில்டர் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதே வாரத்தில் மற்றவர்களுக்கு ஏன் அதைப் போடவில்லை?

நாத்தனார்


மார்ச் 26

வாலுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே உங்கள் கம்பெனி விற்பனைக்காரர் இங்கே வந்தார். வழக்கமாக மாதக் கடைசியில்தான் வருவார். "பழைய பெட்டில லேபிள் கொஞ்சம் தப்பா ஒட்டிட்டோம், குடுத்துடுங்க, புதுசு தர்றோம்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. அவரே எண்ணைச் சொன்னார். சரியாக அந்த எண்.

அந்த எண்ணை நான் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் எழுதினேன். இப்போது நீயே சொல், நான் என்ன நினைக்க வேண்டும்?

"எல்லாம் தீர்ந்துபோச்சு சார்" என்று அனுப்பிவிட்டேன். இன்னும் பதினொரு ஃபில்டர் இருக்கிறது, என் துணி மாற்றும் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி என் கழுத்தில். உனக்கு ஒன்றுகூட அனுப்புவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். கையில் கிடைத்ததும் அது காற்றில் கரைந்துபோனால் நான் யாரிடம் போய் அழுவது? உன் அண்ணன் வழக்கம் போல, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்று டிவிக்குத் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் பேசியது காதில் விழுந்து மாமாதான் கேட்டார். "அவ சின்ன வயசுல பொய் சொன்னா எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? ரொம்ப நீளமாப் பேசுவா. இந்தக் கடிதம் எவ்வளவு நீளம்?" நான் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். அவரிடம் மறைத்து வைத்திருந்த எல்லாமே அதில் இருந்தது, அது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "ரெண்டு அனுப்பும்மா. மீதிய நீ வச்சுக்க" என்றார்.

அனுப்புகிறேன். இரண்டின் எண்ணையும் சீலையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். தெரிந்துகொள்.

நீ கடைசியாகக் கேட்டதற்கு இப்போது பதில் எழுதப் போவதில்லை.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணிக்கு,

விற்பனைக்காரரை வரவழைத்தது நான்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. தட்டு ஏன் காலி என்று ஓகே சாரிடம் கேட்டேன். முட்டாள்தனம். வேறு வேலைக்கு எடுத்தோம் என்றார். கேட்டதும் நான், அந்த எண்ணைச் சொன்னதும் நான். அன்று மாலையே அவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார், என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்.

பார்சல் முழுசாக வந்தது. திங்கட்கிழமை காலை அவர் வருவதற்கு முன்பே ஆரம்பித்தேன். வெறும் சுத்தத் தண்ணீர் ஒரு குழாயில், நச்சு கலந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தது இன்னொன்றில், உங்கள் ஃபில்டரில் ஊறிய தண்ணீர் மற்றதில். ஒரு மணி நேரம். சுத்தத் தண்ணீர் வழிந்தது. நச்சுக் குழாய் உறைந்தது. உங்களுடையதும் உறைந்தது.

குழாய் என் கையில் தலைகீழாக இருந்தபோதே பின்னாலிருந்து குரல் வந்தது. "எங்கேயிருந்தும்மா இந்த ஃபில்டர்?"

சொன்னேன். அவர் பதறவில்லை. பரிதாபப்படுகிற மாதிரிச் சிரித்தார்.

"இது விஷம் இல்லம்மா. இந்த ஃபில்டர் இழையிலேயே ஒண்ணு கசியும். அது பட்டாலும் மருந்து உறையும். ஜனவரியிலயும் இப்படித்தான் உறைஞ்சது. இருபது வருஷமாப் பாக்கறேன், எது விஷம், எது இழைன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் சொல்வதில் பாதி உண்மை, அண்ணி. சில ஃபில்டர் இழைகளுக்கு அந்தக் குணம் உண்டு. அதற்காகவே ஒரு திரவம் இருக்கிறது. அதைச் சேர்த்தால் இழையின் சேட்டை அடங்கிவிடும், நிஜ நச்சு இருந்தால்தான் உறையும். ஜனவரியில் அந்தத் திரவம் தீர்ந்துபோயிருந்திருக்கிறது. பிப்ரவரியில்தான் புதுப் பாட்டில் வந்தது. வரும்வரை காத்திருக்காமல், உறைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டார்.

நான் பாட்டிலை எடுத்தேன். "எதுக்கும்மா வீண் வேலை?" என்றார். எடுத்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரமும் அவர் எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தன் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார். என் கை பட்டுக் குழாய் அசைந்தால் சோதனை கெட்டுவிடும், அவர் அதற்காகத்தான் பேசுகிறாரோ என்று தோன்றியது. இல்லை, பயத்தில்தான் பேசினாரோ. தெரியவில்லை.

உறைந்தது. அந்த ஊறல் தண்ணீரை அறுபத்து நான்கு மடங்கு சுத்தத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து பார்த்தேன். அப்போதும் உறைந்தது.

அவர் ஓகே என்று சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார்.

பிறகு பராமரிப்புப் பதிவேட்டைத் தேடினேன். ஜனவரி ஆறிலிருந்து ஒன்பது வரை ரிப்பேருக்காகத் தொழிற்சாலை மூடியிருக்கிறது. ஃபில்டரை அலசுகிற குழாயில் நான்கு நாளும் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. பத்தாம் தேதி அந்தத் தண்ணீரிலேயே அலசியிருக்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் கதிர்வீச்சில் வைத்துக் கிருமியைக் கொன்றார்கள். நச்சு அப்படியே இருந்துவிட்டது. அதனால்தான் உங்கள் ரத்தச் சோதனையில் கிருமி வளரவில்லை.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதை முதல் பத்தியிலேயே எழுதினேன். அதிகாரி அங்கே வருவார். மீதி ஒன்பதையும் அவரிடம் மட்டும் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசிரியை எப்படி இருக்கிறார்?

நாத்தனார்


ஏப்ரல் 11

வாலுக்கு,

ஆசிரியை ஐந்தாம் தேதி காலை போய்விட்டார்.

அதிகாரி வந்தார். ஒன்பதையும் கொடுத்தேன், ரசீது வாங்கினேன். நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். அவர் நிறையக் கேட்டார். நீ மார்ச்சில் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். மார்ச் ஐந்தாம் தேதி ஸ்டோரில் வேறு கம்பெனி ஃபில்டர் ஆறுதான் இருந்தது. புது சரக்கு வரப் பதினான்காம் தேதி ஆகும் என்றார்கள். உங்கள் பெட்டிமேல் எனக்கு அப்போதே சந்தேகம். உனக்குக் கடிதமே எழுதிவிட்டேனே! அந்த ஆறையும் எடுத்து மாமா பெயரை ஒட்டித் தனியாக வைத்தேன். டாக்டர் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது. மற்றவர்களுக்குப் பெட்டியில் இருந்ததைப் போட்டேன். பன்னிரண்டாம் தேதி ஆசிரியையின் ஃபில்டரைப் பொருத்தியது நான். "இன்னிக்குக் குளிராது இல்ல சிஸ்டர்?" என்று கேட்டார். "குளிராதும்மா" என்றேன்.

பயமாக இருந்தால் டயாலிசிஸைத் தள்ளிப் போட்டிருக்கலாம். டாக்டரிடம் கத்தியிருக்கலாம். ஆளுக்கு ஒன்றாகவாவது பிரித்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. ஒரு மாதமாக உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேனே, அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று இப்போது புரிகிறது. உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை என்னைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மாமாவுக்கு இது தெரியாது. அவர் நன்றாக இருக்கிறார்.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மன்னியுங்கள்.

பதினாலு ஆஸ்பத்திரியிலிருந்து அந்தத் தொகுதியைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஓகே சாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்னையும்தான். விசாரணை முடிகிறவரை லேப்புக்குள் போகக் கூடாது. என்னோடு வேலை செய்தவர்கள் தெருவில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள்.

நேற்று அதிகாரி கூப்பிட்டனுப்பினார். ஃபில்டர் எனக்கு எப்படி வந்தது, சந்தேகம் முதலில் யாருக்கு வந்தது, எப்போது வந்தது என்று கேட்டார். கடிதம் வழியாக என்றேன். "அந்தக் கடிதம் எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஏப்ரல் பதினொன்று கடிதத்தை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நம் இருவரைத் தவிர அதைப் படித்தவர் இல்லை. ஜனவரியில் நான் எப்படி யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேனோ, அப்படி அதை யோசிக்காமல் எடுத்துவிட முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. யோசிக்காமல் கொடுக்கவும் முடியவில்லை.

உங்களைத் தேற்றுவதற்காக எழுதவில்லை, அண்ணி: நான் அந்த ஸ்டோரில் நின்றிருந்தால் ஆறையும் அப்பாவுக்குத்தான் வைத்திருப்பேன். அப்பா இன்று இருப்பது அதனால்தான். உங்களை நான் எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவேன்?

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும்; நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். வேண்டாம் என்றால் அது இங்கேயே எரிந்துபோகும். நான் கேள்வி கேட்க மாட்டேன்.

நாத்தனார்


ஏப்ரல் 26

வாலுக்கு,

இது தபாலில் போனால் திங்கட்கிழமைக்குள் வராது. உன் அண்ணன் இன்று ரயிலில் கொண்டுவருகிறார். டிவியை அணைத்துவிட்டு அவரே கிளம்பினார், நான் சொல்லவில்லை.

நேற்று ஆசிரியையின் மகள் யூனிட்டுக்கு வந்திருந்தாள். உன்னைவிட நான்கைந்து வயசு சின்னவளாக இருப்பாள். அம்மாவின் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் இங்கேயே கிடந்தன, வாங்கிப் போக வந்தாள். கொடுத்தேன். போகவில்லை. காலியாக இருந்த மூன்றாம் நாற்காலி பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று வந்த மாதிரி இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அன்னிக்கு அம்மா குளிருதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க சிஸ்டர். ஏசி காத்து நேரா அவங்க மேலதான் வந்தது. நான் போர்வையச் சரியாப் போத்தாம டீ குடிக்கப் போயிட்டேன். அதனாலதான் ஜன்னி வந்துடுச்சு இல்ல?"

இருபத்தொரு வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன். செத்தவர்களின் சொந்தக்காரர்களிடம் என்ன பேச வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவளிடம் பேசவில்லை. ஆறு வாரமாக அந்தப் பெண் ஒரு போர்வையை நினைத்துக்கொண்டு படுத்து எழுந்திருக்கிறாள்.

உட்கார வைத்தேன். ஃபில்டரைப் பற்றிச் சொன்னேன். ஆறு ஃபில்டரைப் பற்றியும் சொன்னேன். கேட்டு முடித்து என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப போர்வை இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்று இரண்டு தடவையும் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். மன்னித்தாளா என்று தெரியாது. மன்னிக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமாவிடமும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு என்னை 'அம்மாடி' என்றும் சொல்லவில்லை, 'சிஸ்டர்' என்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் கஞ்சியை என் கையிலிருந்துதான் வாங்கிக் குடித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

எல்லாக் கடிதத்தையும் கொடு. அதையும் சேர்த்து. இதையும் சேர்த்து.

அண்ணி